மதினி பண்ணிய ஆடிட்

எங்கள் ஊர் ஆனைக்குட்டம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே ஓர் அணை இருக்கிறதே, அதேதான். பேரில்தான் ஆனை இருக்கிறது. நிஜ ஆனையைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு யாராவது வாடகைக்குக் கூட்டி வந்தால்தான் உண்டு.

இந்த வருஷம் ஆனை வரவில்லை. நான் போயிருந்தேன்.

முதல் நாள் ராத்திரி. ரேடியோ செட்டில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டெல்லாம் பாடி முடித்து ஓய்வெடுக்கப் போக, சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. நாலாவது பாட்டு 'ஒய் திஸ் கொலவெறி டி'. ஆறாவது பாட்டும் அதே. ஒன்பதாவதும் அதே. பழைய பாட்டுதானே, ஏதோ ஞாபகத்தில் போடுகிறான் என்று பார்த்தால், பன்னிரண்டாவதும் அதே!

எழுந்து போய் ரேடியோ செட்காரரிடம் "என்னண்ணே, வேற பாட்டே இல்லியா?" என்றேன்.

"நான் என்ன செய்ய? உங்க அண்ணன் மகன் நூறு ரூபா குடுத்துட்டுப் போயிருக்கான். குழாயையும் மேலத்தெருப் பக்கமா திருப்பி வைக்கச் சொன்னான்" என்றார்.

மேலத்தெருவில் என்ன விசேஷம் என்று கேட்க நான் சின்னப் பையன் இல்லை. முப்பத்தேழு வயசு. பி.காம். வேறு.

வீட்டுக்கு வந்தால் திண்ணையில் மதினி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வழக்கம்போல் விழாக் கமிட்டியில். 'நம்ம ஆள்' தூணில் சாய்ந்து நிலாவைப் பார்த்தபடி இருந்தான். வயசு இருபத்தொன்று. சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. தாடி நாலு நாள் வயசு.

"என்னப்பா, என்ன விஷயம்?" என்றேன், சித்தப்பா என்ற பதவிக்குரிய குரலில்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. நான் ஒரு சூப் பாய்."

மதினி நிமிர்ந்தார். "சூப்பா? காலைல ஆட்டுக்கால் சூப் வச்சுத் தரவான்னு கேட்டேன், வேணாம்னானே!"

காதலில் தோற்ற பையனுக்கு அந்தப் பாட்டு சூட்டிய பட்டம் அது என்று மதினிக்கு விளக்க வேண்டியதாயிற்று. மேலத்தெருவில் ஒரு பெண். விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள். நம்ம ஆள் போய்க் காதலைச் சொல்லியிருக்கிறான். அவள் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். நம்ம ஆளின் வாழ்க்கை இருண்டுவிட்டது. எனவே மேலத்தெருவின் காதும் கிழிய வேண்டும்.

"அந்தப் பாட்டுல என்னதான் சொல்லுது? செல்போன்ல போடுடா. நிறுத்தி நிறுத்திப் போடு" என்றார் மதினி.

இங்கிலீஷ் பாட்டாச்சே, மதினிக்குப் புரியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த இங்கிலீஷ் புரியாத தமிழன் உலகத்தில் உண்டா? ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் வால் மாதிரி ஒரு 'உ' ஒட்டினால் ஷேக்ஸ்பியரே ஆனைக்குட்டத்துக்காரர் ஆகிவிடுவார்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன சரித்திரம். 2011 நவம்பர் 16-ம் தேதி சோனி மியூசிக் இந்தப் பாட்டை யூ-டியூபில் விட்டது. அதற்குக் கொஞ்சம் முன்பே அரைகுறையாக ஒரு பதிவு வெளியே கசிந்துவிட்டதால், முறையாகவே விட்டுவிடலாம் என்று விட்டது. எழுதிப் பாடியவர் தனுஷ். இசை அனிருத், அப்போது 21 வயசுப் பையன், முதல் படம். படத்தின் பெயர் '3'. ஐஸ்வர்யா தனுஷ் முதன்முதலாக இயக்கிய படம். பாட்டை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று பேட்டிகளில் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அதில் சந்தேகம் எழவில்லை!

நல்ல பாட்டு என்று யாரும் சொல்லவில்லை. பாடியவர்களே சொல்லவில்லை. கண்றாவியாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்த கண்றாவி அது. இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் கோபித்துக்கொண்டார்: மெட்டு சாதாரணம், பாடியது மட்டம், வார்த்தைகள் ரசனைக்கு அவமானம் என்கிற ரீதியில். நாடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமர் டில்லி வந்தபோது மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷும் அழைக்கப்பட்டார். சூப் பையன்களின் பிரதிநிதி ஒருவர் பிரதமர் வீட்டில் சாப்பிட்டது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சரி, திண்ணைக்கு வருவோம்.

பாட்டு ஓடியது. மதினி கை தூக்கினார். பையன் நிறுத்தினான்.

"என்னது? அந்தப் பிள்ளைக்குத் தோலு வெள்ளையாம், நெஞ்சு கருப்பாமா?"

"ஆமாம்மா."

"ஏன்டா, வெள்ளத் தோலுன்னுதானே பின்னாலயே போன? போறப்ப நெஞ்சு என்ன கலர்னு பார்த்தியா? அவ வேணாம்னு சொன்னதுக்கப்புறம்தான் உள்ள இருக்கிற கலரு தெரிஞ்சுதாக்கும்? அது என்ன, கருப்புன்னா கெட்டதா? சாயங்காலம் கம்பெனி வேன்ல வந்து இறங்குறோமே, எங்கள வந்து பாரு. மருந்து ரூம்ல இருந்தவளுக்கு அலுமினியப் பவுடர் அப்பி முழங்கை வரைக்கும் வெள்ளி. கரித்தூளு பக்கம் இருந்தவ கருப்பு. குளிச்சாத்தான் யாரு என்ன கலருன்னே தெரியும். இதுல நெஞ்சுக்குக் கலர் பார்க்க வந்துட்டான்."

மதினி இருபது வருஷமாகப் பட்டாசு ஆலைத் தொழிலாளி. பிளஸ் டூ பாஸ். இந்தத் தகுதிக்கு மேல் இலக்கிய விமரிசனத்துக்கு வேறு என்ன வேண்டும்?

பாட்டு மறுபடி ஓடியது. மறுபடி கை.

"கையில கிளாஸ் வச்சிருக்கானா? என்ன கிளாஸ்?"

"ஸ்காட்ச், மதினி. வெளிநாட்டுச் சரக்கு" என்றேன்.

"வாங்கிக் குடுத்தது யாரு? அந்தப் பிள்ளையா?"

"இல்லை."

"அப்ப அந்தச் செலவ எதுக்கு அவ கணக்குல எழுதுறான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷம் பி.காம். படித்து, கொஞ்ச நாள் கணக்கு எழுதிச் சம்பாதித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை, பாருங்கள். இது சுத்தமான ஆடிட் கேள்வி! வவுச்சர் எங்கே?

உடனே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த அக்கவுன்டன்ட் விழித்துக்கொண்டான். ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டேன். பற்று, வரவு. பாட்டில் அந்தப் பெண் செய்த காரியங்களை மட்டும் தனியே எழுதுவது என்று முடிவு. அவன் பாடிய சோகம், சிந்திய கண்ணீர், பார்த்த நிலா, வாசிக்கச் சொன்ன வாத்தியம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், அவள் செய்ததாகத் தேறியது மொத்தம் இரண்டே அயிட்டம்.

ஒன்று: அவள் வந்தாள். இரண்டு: அவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாள்.

முடிந்தது. ஏமாற்றினாள் என்று இல்லை. வாக்குக் கொடுத்தாள் என்று இல்லை. பணம் வாங்கினாள் என்று இல்லை. வேறு ஒருத்தனைப் பார்த்தாள் என்றுகூட இல்லை. வந்ததும் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், சந்தோஷமாக இருப்பது. இந்த இரண்டு என்ட்ரிக்காகக் கீழே போட்டிருக்கும் டோட்டல்: கொலவெறி!

"அவ வந்ததும் இவன் வண்டி ரிவர்ஸ்ல போயிருச்சாம்ல? ஸ்டீரிங்கு யாரு கையில இருந்துச்சு? கியரு போட்டது யாரு?" என்று மதினி ஆடிட்டைத் தொடர்ந்தார்.

நான் பாட்டுக்காக வாதாடிப் பார்த்தேன். நமக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? "மதினி, இது தமாஷ் பாட்டு. பாதிக் கிண்டல் அந்தப் பையன் மேலதான். உளறுறான், பாருங்க. அதுவும் படத்த எடுத்தது ஒரு பொம்பளை."

"பொம்பளை எடுத்தா? எங்க செக்‌ஷன் சூப்பர்வைசரம்மாவும் பொம்பளைதான். திட்டுனா அப்படியே முதலாளி திட்டுன மாதிரியே இருக்கும். தமாஷுங்கிறது உங்களுக்குத் தெரியும், கொழுந்தனாரே. குழாயை எதுத்தாப்புல திருப்பி வச்சா, அந்த வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும் தமாஷுன்னு?"

பதில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2012 மார்ச் 30-ல் '3' படம் வந்தது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படத்தில் ஸ்ருதி ஹாசன் தனுஷை விட்டுப் போகவே இல்லை! வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார். கணவனுக்கு மனநோய். அதை அவரிடமே மறைக்கிறார்கள். கடைசியில் அவன் தற்கொலை செய்துகொள்ள, காரணம் புரியாமல் அழுதுகொண்டு நிற்பது அந்தப் பெண்தான். படம் முழுக்க ஒருத்தி பாடுபட, பாட்டில் மட்டும் அவள் நெஞ்சு கருப்பு. கதையும் பாட்டும் சந்தித்தே இருக்கவில்லை போலிருக்கிறது.

நம் சினிமாவில் தோற்ற காதலனுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1980-ல் 'ஒருதலை ராகம்' பார்த்து ஒரு தலைமுறை தாடி வளர்த்தது. 1991-ல் 'இதயம்' முரளி கடைசி வரை காதலைச் சொல்லாமலே இருந்து இதயத்தைக் கெடுத்துக்கொண்டார். 2015 டிசம்பரில் 'பீப்' பாட்டு என்று ஒன்று வந்தது. மாதர் அமைப்புகள் கொதித்தெழுந்து, கோவையில் போலீஸ் வழக்கு வரை போயிற்று. அது பச்சையாகத் திட்டியது, மாட்டிக்கொண்டது. கொலவெறி சிரித்துக்கொண்டே சொன்னது, எல்.கே.ஜி. குழந்தை ஆண்டு விழாவில் ஆடியது.

ஆனால் சூப் பெண் என்று ஒருத்தியை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இதை மதினியிடம் கேட்டேன்.

"நாங்க தோத்தா மறுநாள் காலைல ஆறரை மணி வேனுக்கு நிக்கணும். மெட்டுப் போட யாரு இருக்கா?" என்றார் மொச்சையைப் பார்த்தபடி.

பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அம்மா, நான் என்ன ஆசிட்டா ஊத்துனேன்? பாட்டுத்தானே போட்டேன்?"

மதினியின் கை நின்றது. நானும் பேசவில்லை. ஏனென்றால், அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். 2012 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சொந்த ஊரான காரைக்காலுக்கு வந்த இன்ஜினியர் பெண். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்ட ஒருவன், பண்டிகைக்கு மறுநாள் ஊருக்குக் கிளம்பியவள் முகத்தில் ஆசிட் ஊற்றினான். மூன்று மாதம் போராடி 2013 பிப்ரவரியில் இறந்துபோனாள். அவனுக்கு ஆயுள் தண்டனை. எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்து அனுப்பிய பட்டாசைத்தான் அவள் தெருவிலும் அந்தத் தீபாவளிக்குக் கொளுத்தியிருப்பார்கள்.

அந்தக் கொடுமைக்கும் இந்தப் பாட்டுக்கும் முடிச்சுப் போடவில்லை, ஸார். போட்டால் அது எனக்கே நியாயமாகப் படாது. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். 'வேண்டாம்' என்று சொன்னவள் மேல் கொலவெறி என்று நாம் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தோம். நிஜத்தில் அந்த வெறி யாருக்கு வருகிறது என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"பாட்டுதானே போட்டேன்னு சொல்றியே, இதையே இதுக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னாரு. உன் சித்தப்பாவக் கேளு" என்றார் மதினி.

நான் நிலாவைப் பார்த்தேன்.

இனி ஒளிக்க முடியாது. 2011-ல் எனக்கு 23 வயசு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலை பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி டாலி கிளாஸுக்கு வருவாள். ஐப்பசியில் ஒரு நாள் போய்ச் சொன்னேன். "எனக்கு இஷ்டமில்லைங்க" என்றாள். மரியாதையாக 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். இரண்டு வாரத்தில் இந்தப் பாட்டு வந்தது. எனக்காகவே கடவுள் அனுப்பியது என்று நினைத்தேன்.

அப்போது என்னிடம் ஒரு சைனா செல்போன் இருந்தது. படம் தெரியாது, பேசினால் கேட்காது. ஆனால் பாட்டு போட்டால் திருத்தங்கல் வரை கேட்கும். கடைசி சீட்டில் உட்கார்ந்து தினமும் போடுவேன். பஸ்ஸில் இருந்த பையன்கள் எல்லாம் கூடவே பாடுவார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அழுகையாக வரும். ஆமாம், எனக்குத்தான்! பாட்டில் இருந்ததே நான்தானே? தை மாசம் பிறந்ததும் அவள் வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். அப்புறம் சென்னைக்குப் போனேன், எழுத ஆரம்பித்தேன், உங்களையெல்லாம் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மதினி. "பஸ்ஸுல பாட்டுப் போட்டுப் பிள்ளை பேரு ரிப்பேராப் போச்சுன்னு அவங்க அப்பா கிளாஸ நிறுத்திட்டாரு. அந்தக் கிளாஸ முடிச்சிருந்தா அது ஏதாவது ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கும். எங்க கம்பெனிக்குத்தான் வந்துச்சு. என் பக்கத்துல உக்காந்து மூணு வருஷம் சரவெடி பின்னுச்சு."

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே, மதினி?"

"நீங்க கேக்கவே இல்லையே, கொழுந்தனாரே."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "முதலிப்பட்டியில வெடிச்சுதே, அன்னைக்கு எங்க கம்பெனியிலயும் சத்தம் போட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. அந்தப் பிள்ளை என் கையைப் பிடிச்சது, வீடு வர்ற வரைக்கும் விடவே இல்ல."

2012 செப்டம்பர் 5. நாற்பது பேர் வரை செத்துப்போன விபத்து. சென்னையில் ஒரு டீக்கடையில் நின்று அந்தச் செய்தியைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பேர் இல்லையே என்று பார்த்து நிம்மதியாகி டீயைக் குடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்பது என் கணக்கிலேயே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராக 1998-லேயே தனிச் சட்டம் வந்தாகிவிட்டது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை மறுபடி மறுபடி பின்தொடர்ந்தால் குற்றம் என்று 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். சித்தப்பாவாக லட்சணமாய் இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவன் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதினி சட்டம் பேசவில்லை. "ஏன்டா, தீபாவளிக்குப் பத்தவச்ச வெடி வெடிக்கலேன்னா சின்னப் பிள்ளைல உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"கிட்டப் போகாதேன்னு."

"குனிஞ்சு ஊதிப் பார்க்காதேன்னு. திரி அணைஞ்சிருச்சுன்னா அணைஞ்சிருச்சு. விட்டுட்டு அந்தப் பக்கமா வா. ஊதப் போறவன் தன் மூஞ்சியவும் பொசுக்கிக்கிடுவான், பக்கத்துல நிக்கிறவ மூஞ்சியவும் பொசுக்கிருவான்."

பையன் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். எங்கே என்று கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் ரேடியோ செட்டில் பாட்டு மாறியது. மறுநாள் காலையில் பார்த்தேன். குழாய் ஊருணிப் பக்கம் திரும்பியிருந்தது. மேலத்தெருவிலிருந்து ஒரு பெண், அம்மாவோடு பொங்கல் பானையைச் சுமந்துகொண்டு நேர்வழியாகவே கோயிலுக்கு வந்தாள். நம்ம ஆள் அந்த நேரத்துக்கு ஊரிலேயே இல்லை. 'பிரஸ்ஸில் அவசர வேலை' என்று திருவிழா நாளில் சிவகாசிக்குப் போய்விட்டிருந்தான். அவன் திருந்தினானா, வெட்கப்பட்டானா தெரியாது. எனக்கு இரண்டில் எதுவானாலும் சம்மதம்.

என் கணக்குதான் பாக்கி. அந்தப் பெண் இப்போது சாத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, குழந்தைகளோடு நன்றாக இருக்கிறாளாம். தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றேன். "மறுபடியும் பின்னாலயா?" என்றார் மதினி. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். அவள் கண்ணில் பட்டால் படட்டும். பட வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

பொங்கல் முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய காலை. ஆறரை மணி. கம்பெனி வேன் வந்து நின்றது. மதினியும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் தூக்குவாளியோடு ஏறினார்கள். வேன் நகர்ந்ததும் உள்ளேயிருந்து பாட்டு. அதே பாட்டு! எல்லாரும் சேர்ந்து, கையைத் தட்டி, கத்திப் பாடிக்கொண்டு போனார்கள். மதினி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பாட்டை மாற்றவில்லை. மெட்டை மாற்றவில்லை. கடைசியில் வருகிற 'டி'யை மட்டும் எடுத்துவிட்டு 'டா' போட்டிருந்தார்கள்.

ஒரே எழுத்துதான், ஸார். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அந்தக் கேள்வி சரியான விலாசத்துக்குப் போயிருக்கிறது.